விரலுக்குத் தெரியாத எண்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. "விரல் ஷெட் எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும்.

வண்டி உள்ளே வந்து நின்றதும் பானெட்டைத் தூக்குவார். எஞ்சினுக்குள் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, அதன் நுனியில் தொங்கும் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உரசுவார். கண்ணை மூடிக்கொள்வார். "ஏழாயிரம் தாண்டிடுச்சு. இத்தனை நாள் எங்க போயிருந்தே?" என்பார். மீட்டரில் கணக்குப் போட்டால், போன தடவை ஆயில் மாற்றியதிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். எப்போதும் சரியாக வருமா என்று கேட்டால், வராது. தப்பாகப் போன கதையை எவனும் வெளியே சொல்வதில்லை. சரியாக வந்ததை மட்டும் நாலு பேரிடம் சொல்கிறான். ஒரு மனுஷனுக்குப் பேர் அப்படித்தான் வளர்கிறது.

படிப்பு ஆறாவது. அவருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் ஒத்து வரவில்லை. இரண்டு பேரில் ஒருத்தர் போயாக வேண்டும். வாத்தியாருக்குச் சம்பளம் இருந்தது, அதனால் இவர் போனார். அப்புறம் லாரி ஷெட்டில் கொஞ்ச காலம், பஸ் டெப்போவில் பதினொரு வருஷம். அங்கே மேலதிகாரியோடு ஒரு சண்டை. அதுவும் ஆயில் விஷயம்தான். நாள் தாண்டிய பஸ்ஸுக்கு ஆயில் மாற்றாமல் மாற்றியதாக எழுதச் சொன்னார்கள். "எழுதத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சொந்த ஷெட்.

ஷெட் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மேலே ஒரு அச்சகம், காலையிலிருந்து சாயங்காலம் வரை தடதட என்று ஓடும். கீழே இவர். நடுவில், இறங்கி நின்று வண்டியின் அடிப்பக்கம் பார்க்க ஒரு குழி. இரண்டு வண்டி நிற்கும், மூன்றாவது வந்தால் பாதி உடம்பு தெருவில். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை அடித்து வைத்திருக்கிறார். அதற்குக் கீழே என்ன நிறம் என்று இப்போது சொல்ல முடியாது. சுவரோரமாக ஒரு இரும்பு அலமாரி. அதில்தான் அவருடைய மானம் மரியாதை எல்லாம் வரிசையாக அடுக்கி இருக்கும்.

அதைச் சொல்ல வேண்டும். ஒரு டின்னில் நாலு லிட்டர் ஆயில். சின்னக் காருக்கு மூன்றரை போதும். மிச்சம் அரை லிட்டர். பல இடங்களில் இந்த மிச்சத்தை எல்லாம் ஒரே வாளியில் கொட்டி வைத்து, அடுத்து வருகிறவன் தலையில் கட்டிவிடுவார்கள். விரல் அதைச் செய்ய மாட்டார். மூடியை இறுக்கி, வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணை ஆணியால் டின்னின் தோளில் கீறி, அலமாரியில் ஏற்றிவிடுவார். அந்த வண்டிக்கு ஆயில் குறைந்தால் அந்த டின்னிலிருந்துதான் ஊற்றுவார். எப்படியும் நாற்பது ஐம்பது டின் நிற்கும். அவர் மனைவி அதற்கு வைத்த பேர், "உங்க லாக்கர்".

மனைவி இரண்டு சந்து தள்ளி ஒரு மருந்துக் கடையில் பதினாறு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறாள். மாத்திரை அட்டையின் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடகடவென்று படிப்பாள். இவருக்கு வரும் எந்தக் காகிதமும் அவள் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். "உங்களுக்கு விரல், எனக்குக் கண்ணு. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்" என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். விரல் குழிக்குள் இருந்தார். மேலே செருப்புச் சத்தம்.

"அண்ணே! என்னைக் கொன்னுட்டீங்களே அண்ணே!"

க்ளட்ச் அக்கா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற பெண். அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். வண்டிக்குள் உட்கார்ந்து "க்ளட்ச்! க்ளட்ச்சை மிதி!" என்று அவள் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பேர். ஸ்கூல் என்றாலும் வண்டி ஒன்றுதான். பழசை விற்றுவிட்டுப் பதினெட்டு மாசம் முன்னால் புதிதாக ஒரு டீசல் கார் எடுத்தாள். மூன்று வருஷ வாரண்டி. அந்த வண்டி நின்றால் ஸ்கூல் நின்றது.

"கொன்னிருந்தா இவ்வளவு சத்தமா கத்த மாட்டியேம்மா" என்று குழிக்குள் இருந்தே சொன்னார். "என்ன ஆச்சு?"

"எஞ்சின்ல நாலு நாளா கர்ருங்குது. கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போனேன். எஞ்சினுக்குள்ள செயின் போச்சு, திறக்கணும்கறாங்க."

"திறக்கட்டும். வாரண்டி இருக்குல்ல?"

"அதுதானே கதை! ஆயில் எங்க மாத்தினீங்கன்னு கேட்டாங்க. வெளியேன்னேன். கம்பெனி ஒப்புக்கிட்ட ஆயில்தான் ஊத்தினீங்கன்னு காட்டுங்க, காட்டலைன்னா வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. அவங்க சொல்ற செலவுக்கு நான் இன்னொரு பழைய காரே வாங்கிடலாம்ணே."

விரல் மேலே ஏறி வந்தார். "சத்தம் வந்ததும் என்கிட்ட ஏன் வரல?"

"வாரண்டி இருக்கும்போது உங்ககிட்ட எதுக்குண்ணே?"

"அப்ப ஆயில் மாத்த மட்டும் நான் எதுக்கு?"

"நீங்க பக்கத்துல இருக்கீங்க. அங்க போனா அரை நாள் போகுது. அரை நாள்ல நான் ஆறு பேருக்கு க்ளாஸ் எடுப்பேன்."

விரல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நான் கொடுத்த பில்லைக் காட்டினியா?"

"காட்டினேனே!" கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதில் அவருடைய கோணல் எழுத்தில் மூன்று சொல்: ஆயில், ஃபில்டர், கூலி. இருபத்திரண்டு வருஷமாக அவர் எழுதுகிற பில் எல்லாமே இதுதான். "அங்க டை கட்டின ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, 'ஆயில்னு போட்டிருக்கு, வண்டிக்கு ஊத்துறதா தலைக்குத் தேய்க்கிறதா'ன்னு கேக்கறார். பின்னாடி நின்ன நாலு பேரும் சிரிக்கறாங்க."

விரலுக்குக் காது சிவந்துவிட்டது. நேராக அலமாரிக்குப் போனார். மூன்றாவது தட்டில் கையை விட்டு அவளுடைய நம்பர் கீறிய டின்னை எடுத்து வந்து ஸ்டூல் மேல் டொக்கென்று வைத்தார்.

"இந்தா. உன் வண்டிப் புஸ்தகத்துல ஆயில் தடிமனுக்கு அஞ்சு-முப்பதுன்னு கிரேடு போட்டிருக்கு. இதுலயும் அஞ்சு-முப்பது. சீல் உடைக்கும்போது நீயே நின்னு பார்த்த. இதைத் தூக்கிட்டுப் போய் அந்த டை மேலேயே வை."

அக்காவுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்படியே கிளம்பியிருப்பாள். ஆனால் சிரித்த நாலு பேரும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எதுக்கும் அண்ணி ஒரு தடவை பார்த்துடட்டும்ணே" என்றாள்.

அண்ணி மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு வேளையில் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்கா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வண்டிப் புஸ்தகத்தை ஒரு பக்கமும் டின்னை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, கிரேடுக்குக் கீழே இன்னொரு நீள எண் போட்டிருக்கே, இது என்ன?"

"அதுவா? கம்பெனிக்காரன் ஏதாவது போடுவான்."

"சும்மா போடல. 'இந்த ஒப்புதல் எண் உள்ள எண்ணெய் மட்டும்'னு போட்டிருக்கான்." டின்னைத் திருப்பினாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனாள். "இதுல ஒப்புதல் வாங்கினதுன்னு நாலு எண் இருக்கு. நம்ம எண் அதுல இல்ல. கீழே தனியா ஒரு வரி. 'இந்த எண் கேட்கும் வண்டிகளுக்கும் பயன்படுத்தலாம்'னு."

"அப்புறம் என்ன! பயன்படுத்தலாம்னு அவனே சொல்றான்ல?"

"டின் விக்கிறவன் சொல்றான். வண்டி செஞ்சவன் சொல்லல. சீட்டுல டாக்டர் ஒரு மருந்து எழுதியிருக்கார். நான் 'இதுவும் அதே மாதிரிதான்'னு வேற ஒண்ணை எடுத்துக் கொடுத்தா, அது டாக்டர் கொடுத்ததா ஆயிடுமா?"

"கெட்ட ஆயில்ங்கறியா?"

"கெட்டதுன்னு நான் எங்க சொன்னேன்? தங்கமா இருக்கட்டும். எழுதிக் கொடுத்தது இது இல்ல."

விரல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அதன் மேல் டின் இருந்தது, அதைக்கூட எடுத்துக் கீழே வைக்கவில்லை, டின்னோடு சேர்ந்து பாதி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரே பீப்பாய், ஒரே ஆயில். லாரிக்கும் அதுதான், முதலாளியின் காருக்கும் அதுதான். அப்புறம் கிரேடு வந்தது. அதைக் கற்றுக்கொண்டார். ஒரு எண் தெரிந்தால் போதும் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். ஆயில் தடிமனா இளக்கமா, கருகியதா, மண் கலந்ததா, தண்ணீர் இறங்கியதா, எல்லாம் அவர் விரல் சொல்லும். எந்தக் கம்பெனி எதற்கு ஒப்புதல் கொடுத்தது என்று அது சொல்லுமா? டின்னின் முதுகில் அச்சடித்தே வைத்திருக்கிறான். திருப்பிப் பார்க்கவில்லை.

மனைவி அதற்குள் அலமாரிப் பக்கம் போய்விட்டாள். "ஏங்க, இதே டின் இன்னும் ஆறு நிக்குதே."

"அதே கம்பெனி காருங்க" என்றார். "அதுக்கும் இதையேதான் ஊத்தியிருக்கேன்."

ஆயில் வாங்கின கடை யாருடையது என்றால், மனைவியின் அண்ணனுடையது. போன் போட்டதும் கால் மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் மச்சான். தொப்பையை ஒரு கையால் தடவிக்கொண்டே கதையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மாப்ள, இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க? அந்த எண் போட்ட ஆயில் என் கடையில மேல் தட்டுல இருக்கு."

விரல் நிமிர்ந்தார். "இருக்கா? அப்ப அதை ஏன் எனக்குக் கொடுக்கல?"

"நீங்க கேக்கலையே. அஞ்சு-முப்பது கொடுங்கன்னீங்க, கொடுத்தேன். எண்ணைச் சொல்லிக் கேட்டிருந்தா எண்ணைக் கொடுத்திருப்பேன்."

"தங்கச்சி புருஷன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தங்கச்சி புருஷனாச்சேன்னுதான் எதிர்த்துப் பேசறதில்ல." மச்சான் சட்டைப் பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்தார். "போனது போகட்டும். எந்தத் தேதி வேணும், சொல்லுங்க. நல்ல ஆயில் வாங்கினதா ஒரு பில் போட்டுத் தரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

க்ளட்ச் அக்கா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "போடுங்கண்ணே! ஆயில் மாத்தினது மார்ச் பதினாலு!"

இந்த இடத்தில் விரலைப் பெரிய யோக்கியன் என்று எழுதினால் அது பொய். அவருக்கும் அரை மனசு இருந்தது. முக்கால் மனசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேனா மூடியை மச்சான் பல்லால் கடித்துக் கழற்றுகிற வரைக்கும் பேசாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிதான் கேட்டாள். "அண்ணா, நான் மருந்துக் கடையில பழைய தேதி போட்டு பில் கிழிச்சா என்ன ஆகும்?"

"வேலையை விட்டு அனுப்பிடுவான்."

"உனக்கு?"

"எனக்கு நான்தானே முதலாளி? என்னை யார் அனுப்பறது?" என்றார் மச்சான். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பேனாவை மூடிவிட்டார்.

விரல் அப்போது வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பில்லைப் பற்றிப் பேசியாயிற்று, டின்னைப் பற்றிப் பேசியாயிற்று, எண்ணைப் பற்றிப் பேசியாயிற்று. "ஆமா, சத்தம் எங்கேயிருந்து வருது?" என்றார்.

"எஞ்சினுக்குள்ள செயின்னு சொன்னேனே" என்றாள் அக்கா.

"யாரு சொன்னா?"

"அந்த டை கட்டினவர்."

"பானெட்டைத் திறந்து காதை வெச்சுக் கேட்டாரா?"

அக்கா யோசித்தாள். "திறந்தாங்க. ஸ்டார்ட் பண்ணாங்க. உடனே ஆயில் எங்க மாத்தினீங்கன்னு கேட்டாங்க. அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகலைண்ணே."

மனைவி வாரண்டிப் பக்கத்தைப் புரட்டினாள். ஒப்புதல் இல்லாத எண்ணெயால் வந்த கோளாறு என்றால் வாரண்டி கிடையாது என்று எழுதியிருந்தது. "எண்ணெயால வந்துச்சா இல்லையான்னு பார்க்கணும்ல முதல்ல" என்றாள்.

விரல் எழுந்தார். "நாளைக்குக் காலையில போறோம். நான் தப்பு ஆயில் ஊத்தினேன்னு சொல்லப் போறேன். சத்தத்தையும் கேட்கப் போறேன்."

"உண்மையைச் சொன்னா வாரண்டி போயிடும்ணே!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் பொழப்பு அந்த ஒரு வண்டிதான்."

"தெரியும்மா. நிஜமாவே எஞ்சினுக்குள்ளதான் கோளாறுன்னா, வண்டியை இங்க இழுத்துட்டு வா. நான் திறக்கறேன். சாமான் செலவு, கூலி எல்லாம் என்னது. நீ ஒண்ணும் தர வேண்டாம்."

மனைவி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அந்தச் சாமான் செலவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஷெட்டில் இருக்கிற ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாவற்றையும் விற்றாலும் காணாது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. "நானும் வரேன். தனியா விட்டா அங்க போய் வாயைக் கொடுத்துட்டு வருவீங்க" என்றாள்.

மறுநாள் விரல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மரத்தூளும் சோப்பும் போட்டு மூன்று தடவை கை கழுவினார். கை வெளுத்தது. நகத்துக்குள் இருந்த கறுப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

கம்பெனி சர்வீஸ் கூடத்துக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. தரையில் முகம் பார்க்கலாம். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் டை கட்டியவர் உட்கார்ந்திருந்தார், ரொம்ப மரியாதையான ஆள்.

"சார், டோக்கன் நம்பர்?"

"டோக்கன் இல்ல தம்பி. இவங்க வண்டிக்கு ஆயில் ஊத்தினவன் நான்தான்." டின்னை மேஜையில் வைக்கப் போனார். மனைவி சட்டென்று கீழே ஒரு செய்தித்தாளை விரித்தாள். "கிரேடு சரி. ஒப்புதல் எண் தப்பு. பார்க்காம ஊத்திட்டேன்."

டை கட்டியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சண்டை போடுகிறவர்களுக்குச் சொல்லும் பதில் அவரிடம் இருந்தது. ஒத்துக்கொள்கிறவனுக்கு என்ன பதில் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல.

"அப்ப... நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கத்தானே பஸ் ஏறி வந்தேன்."

"அப்ப வாரண்டி வராது சார்."

"வராட்டி போகட்டும். அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவை கேட்கணும்."

"சாரி சார். வேலை நடக்கிற இடத்துக்குள்ள வெளியாட்களை விட மாட்டோம்."

அவ்வளவுதான். க்ளட்ச் அக்கா வாயைத் திறந்தாள். "என் வண்டி! என் வண்டிச் சத்தத்தை என் மெக்கானிக் கேட்கக் கூடாதா?" வழக்கமாக மூடிய கண்ணாடி வழியாக அடுத்த தெருவுக்குப் போகிற குரல் அது. இங்கே திறந்த கூடத்தில் கேட்க வேண்டுமா? காபி மெஷின் பக்கத்தில் நின்றவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே இருந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். நீல உடுப்பு, நரைத்த மீசை. அந்த இடத்தின் ஃபோர்மேன். "என்ன சத்தம்?" என்றார்.

"அதைத்தான் சார் நானும் கேட்க வந்தேன்" என்றார் விரல்.

ஃபோர்மேன் டின்னைப் பார்த்தார், அதன் தோளில் கீறியிருந்த நம்பரைப் பார்த்தார். "மிச்சத்தை வண்டிக்கு வண்டி தனியாவா எடுத்து வைக்கறீங்க?" என்று கேட்டார். "ஆமா" என்றார் விரல். ஃபோர்மேன் அப்புறம் விரலின் நகத்தைப் பார்த்தார். அவர் நகமும் அதே நிறம்தான். "வாங்க" என்றார்.

வண்டி ஒரு மூலையில் நின்றிருந்தது. ஸ்டார்ட் செய்தார்கள். கர்ர்ர் என்றது. விரல் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். நுனியை எஞ்சின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தார். பழைய காலத்து வைத்தியம்தான், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி. தலையை ஆட்டினார். செயின் இருக்கும் பக்கம் ஊன்றினார். அங்கேயும் இல்லை. முன்பக்கம் பெல்ட் ஓடுகிற இடத்துக்கு வந்தார். ஆல்டர்னேட்டர் மேல் நுனியை வைத்ததும் முகம் கோணிப் போய்விட்டது, காதில் ஊசி ஏறினதைப் போல. ஸ்க்ரூ டிரைவரை ஃபோர்மேனிடம் நீட்டினார்.

ஃபோர்மேன் கேட்டார். எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

"பெல்ட்டைக் கழட்டிட்டுப் பத்து செகண்ட் ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார் விரல்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

பெல்ட் கழன்றது. மறுபடி ஸ்டார்ட். க்ளட்ச் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விரல் கழற்றிய பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். இந்த வயதில் ஷெட்டை விற்றுவிட்டு இன்னொருத்தனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டி வருமா வராதா என்பது அந்தப் பத்து செகண்டில் இருந்தது.

எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. கர்ர் இல்லை, முர்ர் இல்லை.

"அய்யோ!" என்றாள் அக்கா, சந்தோஷத்தில்.

ஃபோர்மேன் ஆல்டர்னேட்டரின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கரகர என்று மணல் அரைத்தது. "பேரிங் போயிருக்கு. இது பேட்டரிக்குக் கரண்ட் ஏத்துற சாமான். எஞ்சினுக்கு வெளியே தொங்குது. இதுக்குள்ள ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் போகாது." பின்னாலேயே வந்திருந்த டை கட்டியவர் பக்கம் திரும்பினார். "செயின்னு யார் எழுதினது?"

"அன்னைக்கு லைன்ல நிறைய வண்டி சார்... ஆயில் வெளியே மாத்தினதுன்னு சொன்னதும்..."

"சொன்னதும் காது அடைச்சுப் போச்சு."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விரல் பக்கம் வந்தார். "உள்ளே சுத்தமா இருக்கு. அதனால தப்பிச்சீங்க. ஆனா நீங்க ஊத்தினது தப்புதான். புகை போற குழாயில ஒரு வடிகட்டி இருக்கு. இந்த எண் இல்லாத ஆயிலையே ரெண்டு மூணு வருஷம் ஊத்தினா அதுல சாம்பல் அடைச்சுக்கும். அப்ப நீங்க எவ்வளவு நல்லவரா வந்து நின்னாலும் நான் வாரண்டி கொடுத்திருக்க மாட்டேன்."

"கொடுக்கக் கூடாது சார்" என்றார் விரல்.

"வெளியே ஆயில் மாத்தறதை யாரும் தடுக்கல. டின்னோட பேர், கிரேடு, ஒப்புதல் எண், பேட்ச் எண், தேதி, கிலோமீட்டர். இத்தனையும் பில்லுல இருக்கணும். 'ஆயில்'னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா நான் என்னத்தைப் படிக்கறது?"

"பேட்ச் எண்ணை நான் பார்த்துக்கறேன் சார்" என்றாள் மனைவி. ஏற்கனவே மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆல்டர்னேட்டர் வாரண்டியில் மாறியது. சரியான ஆயில் அன்றைக்கே ஊற்றினார்கள், அந்தச் செலவை விரல் பிடிவாதமாகத் தானே கொடுத்தார். இரண்டு நாளில் அக்கா வண்டியோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். ஓட்டுகிற இடத்தில் வெலவெலத்துப் போன ஒரு புது மாணவி. "சத்தம் வருதா கேளுங்கண்ணே!" என்று அக்கா கேட்க, "உன் சத்தம்தான் வருது" என்றார் அவர். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. "க்ளட்ச்!" என்று ஒரு அலறல். தெருவுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

ஷெட்டுக்கு ஆகவில்லை. மதியம் மனைவி அலமாரியிலிருந்து அந்த ஆறு டின்னையும் இறக்கி வரிசையாக வைத்தாள். போனை அவர் கையில் கொடுத்தாள். "ம்" என்றாள்.

"சர்வீஸுக்கு வரும்போது சொல்லிக்கலாமே..."

"ம்."

முதல் ஆள் ஒரு பாங்க் அதிகாரி. "தப்பு ஆயில் ஊத்தினேன்னு நீங்களே சொல்றீங்களா? எங்க பாங்க்ல இப்படி ஒருத்தர் சொன்னதில்லையே" என்று நாள் குறித்துக்கொண்டார். இரண்டாவது ஆள் ஒரு டாக்ஸிக்காரர், "அண்ணே, மத்தியானத்துலயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டு நல்ல திட்டு வாங்கினார். மூன்றாவது ஒரு அம்மாள், வாரண்டி போய்விட்டதா என்று பதறி, போகவில்லை என்று தெரிந்ததும் முழு அரை மணி நேரம் இவரைத் திட்டினாள். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு "ஆமாம்மா, ஆமாம்மா" என்று கேட்டுக்கொண்டார். நாலாவதும் ஐந்தாவதும் ஒழுங்காகப் பேசினார்கள். மச்சான் ஆறு புது டின்னைக் கொண்டு வந்து இறக்கினார். இந்தத் தடவை ஒவ்வொன்றின் முதுகையும் தங்கச்சியிடம் காட்டிவிட்டுத்தான் வைத்தார்.

ஆறாவது ஆள் பணி ஓய்வு பெற்ற தபால்காரர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எனக்கு வாரண்டி முடிஞ்சே ஒரு வருஷம் ஆச்சுப்பா. இனிமே நீ எதை ஊத்தினா என்ன? விடு."

"விடறதாவது!" விரலுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "வாரண்டி முடிஞ்சுட்டா அது வண்டி இல்லையா? புகைக்குழாய் அடைச்சுக்கிட்டா யார்கிட்ட வந்து நிப்பீங்க, என்கிட்டதானே? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வண்டி இங்க இருக்கணும்."

"நாளைக்கு எனக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்பா."

"சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்துட்டுப் போங்க. நானே வந்து எடுத்துக்கறேன்."

"ஊத்துற ஆயில் எண்ணை பில்லுல எழுதித் தருவியா? ஊரெல்லாம் அதைத்தான் பேசறாங்க."

"எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார் விரல். "ஏம்மா, நாளைக்குக் காலையில ஒன்பதரைக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போறியா? ஒரு பில் எழுதணும்."

"நீங்களே எழுதுங்க. நான் பக்கத்துல நின்னு படிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள்.

"கோணலா வருமே."

"வரட்டும். எண் நேரா இருந்தாப் போதும்."